தொழில் சொல்லித்தரும் தகுதி: ஓசூர் வட்டாரத்துக் கதை

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக வருபவரிடம் இரண்டு சான்றுகள் கேட்கப்படுகின்றன. தொழில் தெரியும் என்பதற்கு ஒன்று. அதைச் சொல்லித்தரத் தெரியும் என்பதற்கு மற்றொன்று. இரண்டும் வெவ்வேறு திறமைகள் என்பது அரசு விதியாக இடம்பெறப் பல பத்தாண்டுகள் பிடித்தன. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கதையில் அந்த மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் பார்க்கலாம்.

தொழிற்சாலைகள் வருவதற்கு முன் ஓசூரின் பெயர் அதன் கால்நடைப் பண்ணையால்தான் வெளியில் தெரிந்தது. நெசவும் மண்பாண்டமும் கொல்லு வேலையும் வீட்டிலேயே கைமாறின. சொல்லித்தந்தவர் தகப்பனார் அல்லது மாமன். பள்ளியில் ஓவியம், தையல், நெசவு கற்பித்தவர்களிடம் மட்டுமே அரசு சான்று கேட்டது. அவர்கள் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் கீழ்நிலை, மேல்நிலைகளைத் தேறி, பிறகு தொழிலாசிரியர் சான்றிதழும் பெற வேண்டியிருந்தது.

சான்று வேண்டாம், பெற்றோரே போதும் என்ற கருத்தை அரசுத் திட்டமாகவே கொண்டுவந்தவரும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, சென்னை மாநில முதலமைச்சராக இருந்தபோது 1953-இல் தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் குறையும். மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகுவார்கள். எதிர்த்தவர்கள் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டனர். தகப்பன் தொழிலே மகனுக்கும் என்றாகிவிடும் என்பது அவர்களின் வாதம். 1954-இல் காமராஜர் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. பிறப்பைப் பாராமல் யாருக்கும் எந்தத் தொழிலையும் கற்பிக்க வேண்டுமானால் வீட்டுக்கு வெளியே ஓர் ஆசிரியர் வேண்டும். அவரை நம்ப ஓர் அளவுகோலும் வேண்டும்.

அந்த அளவுகோலை உருவாக்கும் வேலை அதற்கு முன்பே வேறு காரணத்தால் தொடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதால் 1940-இல் போர்த் தொழில்நுட்பர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. போர் முடிந்ததும் திரும்பிய படைவீரர்களுக்கும், பிரிவினையில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் பயிற்சி தேவைப்பட்டது. பயிற்றுநர்களைத் தயாரிக்க 1948-இல் பிலாஸ்பூரை அடுத்த கோனியில் ஒரு மத்திய நிலையம் தொடங்கியது. ஐ.டி.ஐ.க்களின் அடித்தளமான கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது 1950-இல்தான். தொழில்களின் பாடத்திட்டத்தையும் தேர்வையும் நாடு முழுக்க ஒழுங்குபடுத்த 1956-இல் தேசியக் குழு அமைந்தது. 1960-களில் சென்னை கிண்டியிலும் பயிற்றுநர் பயிற்சி நிலையம் வந்தது.

இத்தகைய நிலையங்களில் கற்பிக்கப்படும் முறைக்கு நாலு படிகள்: மாணவரை ஆயத்தப்படுத்துதல், செய்துகாட்டி விளக்குதல், அவரைச் செய்யவைத்தல், சோதித்தல். முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தொழிலாளரைப் பழக்கிய சார்லஸ் ஆலன் 1919-இல் வெளியிட்ட நூலில் இந்த வரிசை இருக்கிறது. அதன் தேவை பிட்டர் பட்டறையில் அரம் பிடிக்கும்போதே விளங்கும். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். முப்பது வருடம் அரம் பிடித்தவர் இதை நினைக்காமலே செய்வார்; நினைக்காததாலேயே சொல்ல மறப்பார். பயிற்சி பெற்ற பயிற்றுநர் அதைத் தனியே பிரித்துச் சொல்வார். கால் எங்கே, முழங்கை எந்த உயரத்தில், மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடுக்கில் ஒளி எங்கே கசிகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

ஓசூரில் இந்தத் தேவை பெருகியது சிப்காட்டுக்குப் பிறகு. மாநில அரசின் தொழில் முன்னேற்ற நிறுவனமாக 1971-இல் தொடங்கிய சிப்காட், அந்தப் பத்தாண்டிலேயே கர்நாடக எல்லையோரத்தில் தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட்டும் 1980-ஐ ஒட்டி வந்தன. அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். டைட்டன் வந்தபோது கைக்கடிகாரத் தொழில் தெரிந்தவர்கள் உள்ளூரில் இல்லை. அனுபவசாலிகள் பெங்களூரின் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையிலிருந்து வந்தனர்; சுற்றுவட்டாரக் கிராமத்து இளைஞர்களைப் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு எடுத்து நிறுவனமே பழக்கியது. அங்கே ஆசிரியருக்குத் தகுதி அனுபவம்தான். சுமார் நாற்பது கிலோமீட்டர் தொலைவில், ஜெர்மன் உதவியுடன் 1971-இல் தொடங்கிய பெங்களூர் போர்மேன் பயிற்சி நிலையமோ மேற்பார்வையாளர்களுக்கு முறையான பயிற்சி தந்தது.

பள்ளிகளில் தொழிற்கல்வி 1978-இல் மேல்நிலை வகுப்புகளோடு வந்தது. அதே ஆண்டு மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு, செய்து கற்பதை வலியுறுத்தி அறிக்கை தந்தது. ஆனால் அந்த வகுப்புகளுக்குத் தொடக்கத்தில் பலர் பகுதிநேரமாகவே அமர்த்தப்பட்டனர். பாலிடெக்னிக்கில் வழி வேறு: பொறியியல் பட்டமே நுழைவுச்சீட்டு. கற்பிக்கும் பயிற்சியை வேலையில் சேர்ந்த பிறகு தரமணியில் 1964-இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பெறலாம்.

ஐ.டி.ஐ.யில் விதி இன்னும் இறுக்கமானது. பொறியியல் பட்டம் இருந்தால் ஓராண்டு, டிப்ளமோ என்றால் இரண்டாண்டு, ஐ.டி.ஐ. அல்லது தொழில் பழகுநர் சான்று மட்டும் இருந்தால் மூன்றாண்டு அனுபவம் வேண்டும். இரண்டு பயிற்றுநர் உள்ள பிரிவில் ஒருவர் பட்டம் அல்லது டிப்ளமோ படித்தவராகவும் மற்றவர் ஐ.டி.ஐ. வழி வந்தவராகவும் இருக்க வேண்டும். இருவருக்கும் தேசியக் கைவினைப் பயிற்றுநர் சான்றிதழ் கட்டாயம். ஏட்டறிவும் கைப்பழக்கமும் ஒரே பட்டறையில் சேர வேண்டும் என்பதே இதன் நோக்கம். சான்று தேசிய அளவிலானது என்பதால் அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம் பெற்றது அந்தப் பக்கமும் செல்லும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

2015-இல் ஐ.டி.ஐ. பயிற்சியைக் கவனிக்கும் பிரிவு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு மாறியது. தமிழ்நாட்டு அரசு ரூ.2,877 கோடியில் டாட்டா டெக்னாலஜிசுடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்களை நவீனப்படுத்தும் திட்டத்தை எடுத்துக்கொண்டது. இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்வாகனங்களும் கைப்பேசிப் பாகங்களும் தயாராகின்றன. ரோபோவை இயக்கக் கற்பிப்பவரிடமும் கேட்கப்படுவது அதே இரண்டு சான்றுகள்தான். ஆனால் எந்திரம் மாறும்போதெல்லாம் முதல் சான்றைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவதற்கோ, நாலு படிகளும் அப்படியே இருக்கின்றன.