மணத்தையும் வென்ற அந்து

பூச்சிகள் நஞ்சுக்குப் பழகிவிடுகின்றன என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் தனிப்பூச்சி எதுவும் பழகுவதில்லை. தெளிப்புக்குத் தப்பிய சிலவற்றின் வழித்தோன்றல்களே பின்னர்த் தோட்டத்தை நிரப்புகின்றன. நஞ்சைத் தாங்கும் இயல்பு அவற்றின் பிறவிச் சொத்து. 1914ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர் மெலாண்டர் செதிற்பூச்சிகளிடம் இதனைக் கண்டு எழுதினார்.

"நஞ்சு தெளித்தால்தானே இந்தத் தொல்லை? நஞ்சில்லா முறைக்கு இந்த அச்சமே இல்லை" என்று என் வகுப்பில் நெடுங்காலம் சொல்லி வந்தேன். அச்சொல்லைத் திரும்பப் பெறச் செய்தது ஒரு ஜப்பானிய வரலாறு.

ஷிசுவோக்கா மாகாணம் தேயிலைக்குப் பேர்போனது. 1868இன் ஆட்சி மாற்றத்தால் பிழைப்பிழந்த போர்வீரர்கள், மறு ஆண்டில் அங்குள்ள மாக்கினோஹாரா மேட்டுநிலத்தைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். வாள் பிடித்த கை மண்வெட்டி பிடித்த கதை அது; தனியே பேசத்தக்கது.

அம்மாகாணத்துத் தேயிலையைக் கெடுப்பனவற்றுள் இலைசுருட்டிப் புழுக்கள் இருவகை. இரண்டும் வளர்ந்து அந்துப்பூச்சிகளாகும். பெண் அந்து இரவில் ஒருவகை மணத்தை வீசும். அதனைத் தொடர்ந்தே ஆண் வந்து சேரும். இருவகை அந்துகளின் மணக்கலவையிலும் ஒரு பொருள் பொதுவாக இருந்தது. அதை மட்டும் செயற்கையாகச் செய்து, சிறு குழல்களில் அடைத்துத் தோட்டமெங்கும் வைத்தனர். எங்கும் அதே மணம் கமழ, ஆண் திசை தெரியாது திகைத்தது. புழுவும் குறைந்தது. 1983 முதல் இம்முறை வழக்கில் இருந்தது. தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வரை ஆண்கள் ஏமாந்தன.

சிறிய இலைசுருட்டி ஆண்டுக்கு நான்கு தலைமுறை பெருகும். பத்து ஆண்டுகளுக்கு மேல் இதே மணம் வைத்த தோட்டங்களில் வெற்றி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! 2002இல் மொச்சிசுக்கியும் உடனாய்வாளரும் இதனை வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் தேர்ந்து வளர்த்த ஆண்கள், அந்தப் பொதுப்பொருள் அறவே இல்லாத கலவையையும் நாடி வந்தன. பிற பொருள்களைக் கொண்டே பெண்ணை அறியும் சில ஆண்கள் முன்பே இருந்திருக்க வேண்டும். மற்றவை திகைத்து நின்ற இரவுகளில் அவையே துணையைக் கண்டு, தம் இயல்பை மக்களுக்குத் தந்தன. நஞ்சின் கதையில் நடந்ததும் இதுவே. ஒரு துளி நஞ்சும் இங்கே இல்லை என்பதுதான் வேறுபாடு.

பெண் அந்துவின் கலவையில் உள்ள நான்கு பொருள்களையும் சேர்த்து வைத்தபோது ஆண்கள் மீண்டும் திகைத்தன.

இதைப் படித்த அன்றே என் பாடக்குறிப்பில் அந்தப் பழைய வரியை அடித்துவிட்டேன்.