லாசட்டரின் தங்கம் – 5: இரண்டு ஒட்டகங்கள்

தங்கப்பாறையைத் தேடிப் போன குழுவுக்கு வழிகாட்டியான லாசட்டர் மார்ஜரி மலையுச்சியில் ஏறி நின்று நாலாபுறமும் பார்த்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது குழுத்தலைவர் பிளேக்லியின் தலையில் இடியாக இறங்கியது. நாம் தேடும் இடம் இது இல்லை, 150 மைல் வடக்கே வந்து நிற்கிறோம் என்றார்.

150 மைல் என்பது 240 கிலோமீட்டர். நல்ல சாலை இருந்தால் காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். 1930இல், ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், மேற்கு ஆஸ்திரேலிய எல்லையை ஒட்டிய அந்த மண்ணில் சாலை என்ற பேச்சே கிடையாது. ஜூலை 21ஆம் தேதி அலிஸ் ஸ்பிரிங்ஸில் கிளம்பிய குழு இந்த மலையடிக்கு வந்து சேருவதற்குள்ளேயே நொந்து போயிருந்தது. மல்கா மரத்தின் காய்ந்த அடிக்கட்டைகள் டயரைக் குத்திக் கிழித்தன. மணல்மேடு வந்தால் தார்னிகிராஃப்ட் லாரியின் ஆறு சக்கரமும் புதைந்துவிடும். எல்லோரும் இறங்கி மண்வெட்டியால் தோண்டி, கிளைகளை வெட்டி அடியில் போட்டு, தள்ளி, பத்தடி போய், மறுபடியும் தோண்ட வேண்டும். விமானம் இறங்குவதற்காக இல்பில்லாவில் கோடரியால் காட்டை வெட்டித் தளம் அமைத்தார்கள். அந்த விமானம் நொறுங்கிய கதையை முன்பே பார்த்தோம். இத்தனைக்கும் பிறகு, வழிகாட்ட வந்த ஒரே ஆள் வழி தப்பு என்கிறார்.

பிரெட் பிளேக்லி பொறுமைசாலிதான். 1908இல் வொயிட் கிளிஃப்ஸிலிருந்து கண்டத்தின் வடகோடியில் உள்ள டார்வின் வரை சைக்கிளில் போனவர். அந்தப் பாலையில் எதைக் கண்டு பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும். அவருடைய சகோதரர் ஆர்தர் அப்போது மத்திய அரசில் உள்துறை அமைச்சர். அதனால் இந்தப் பயணம் கேலிக்கூத்தானால் யார் பெயர் கெடும் என்பதும் தெரியும். கூடவே, பல நாளாக அவரை ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. இந்த ஆள் இதற்கு முன் இந்தப் பக்கம் வந்ததே இல்லையோ?

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 1929 அக்டோபரில் கால்கூர்லி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கிரீனுக்கு லாசட்டர் எழுதிய கடிதத்தில், தங்கப்பாறையைக் கண்டுபிடித்து 18 வருடம் ஆயிற்று என்று இருந்தது. கணக்குப்படி 1911. சில மாதம் கழித்து சிட்னியில் தொழிற்சங்கத் தலைவர் ஜான் பெய்லியைப் பார்த்தபோது அதே கண்டுபிடிப்பு 1897க்குப் போய்விட்டது. அப்போது அவருக்குப் பதினேழு வயது. தன்னந்தனியாகக் குதிரையில் பாலையைக் கடக்கப் பார்த்து, தங்கப்பாறையில் இடறி, பிறகு தாகத்தில் குற்றுயிராகக் கிடந்தவரை ஆப்கானிய ஒட்டகக்காரர் ஒருவர் தூக்கிப்போய் ஹார்டிங் என்ற நில அளவையாளரிடம் சேர்த்தாராம். மூன்று வருடம் கழித்து ஹார்டிங்கும் அவரும் திரும்பிப் போய்ப் பாறையைக் கண்டு, அதன் இருப்பிடத்தைக் கணித்து எழுதிக்கொண்டார்களாம். மேற்குக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் இருவருடைய கடிகாரமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தி ஓடியது தெரிந்ததாம்.

இந்தக் கடிகாரக் கதையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தீர்க்கரேகையைக் கணிக்க நேரம்தான் அடிப்படை. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகும். அந்த அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 100 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் பிசகினால் பதினைந்து பாகை, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தள்ளிப்போகும். எல்லையோரத்தில் இருக்கும் பாறை வரைபடத்தில் எங்கோ போய்விடும். கடிகாரம் எவ்வளவு பிந்தியது என்று தெரிந்தால் ஒரு சிலேட்டு போதும், பிழையைத் திருத்திவிடலாம். அதை யாரும் ஏன் செய்யவில்லை என்று சிட்னியில் ஒருவரும் அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்கிற மனநிலையில் ஊர் இல்லை. உலகப் பெருமந்தம் ஆஸ்திரேலியாவின் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. ஆட்டு மயிர், கோதுமை இரண்டும் விலை விழுந்தன. இரண்டே வருடத்தில் தொழிலாளர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் வேலையிழந்து நிற்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து, 14 மைல் நீளத்துக்குத் தங்கம் பாய்ந்த படிகக்கல் பாறை கிடக்கிறது, டன்னுக்கு 3 அவுன்ஸ் தேறும் என்கிறார். 3 அவுன்ஸ் என்றால் 93 கிராம். இன்று டன்னுக்கு ஒன்றிரண்டு கிராம் கிடைத்தாலே பெரிய கம்பெனிகள் மலையைப் பிளந்து திறந்தவெளிச் சுரங்கம் நடத்துகின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். கம்பெனி ஒன்று உருவாகி, 5,000 பவுண்டு மூலதனம் திரண்டுவிட்டது. அவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்லமாட்டேன். பசித்த வீட்டில் புதையல் பேச்சு எடுபடத்தான் செய்யும்.

மலையை விட்டு இறங்கியதும் பிளேக்லி முடிவைச் சொல்லிவிட்டார். இந்த ஆள் ஏமாற்றுக்காரர், பயணம் முடிந்தது. (பிற்காலத்தில் அவர் எழுதிய நூலில் இதைவிட விசித்திரமான ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.)

ஏமாற்றுக்காரருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. லாரியில் ஏறி உட்கார்ந்தால் போதும். தலைவருக்குத் துணிச்சல் இல்லை, பாதியில் கைவிட்டார், இல்லையென்றால் பாறையைக் காட்டியிருப்பேன் என்று சிட்னியில் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஐம்பது வயது, வீட்டில் மனைவி, குழந்தைகள். ஆனால் லாசட்டர் லாரியில் ஏறவில்லை. இந்தத் தொடரை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். பொய் சொல்கிறவன் தன் பொய்யைத் தேடி இவ்வளவு தூரம் போவானா?

அவருக்குத் துணையாகக் கிடைத்தவர் பால் ஜான்ஸ் என்ற ஜெர்மானிய இளைஞர். டிங்கோ என்னும் காட்டுநாயைக் கொன்று, தலைத்தோலைக் கொடுத்து அரசு தரும் சன்மானத்தை வாங்குவது அவர் பிழைப்பு. சொந்தமாக ஒட்டகங்கள் வைத்திருந்தார். ஜான்ஸும் லாசட்டரும் தெற்கே போவது, மற்றவர்கள் திரும்புவது என்று ஏற்பாடு ஆயிற்று. லாரி கிளம்பிப் போனது. மோட்டாரும் விமானமும் தோற்ற நிலத்தில், ஒட்டகத்தின் காலில் தேடல் மறுபடி தொடங்கியது.

ஒட்டக முகாமின் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கும். ஒட்டகம் இரவில் மேய வேண்டும், ஓடிவிடவும் கூடாது. அதனால் முன்னங்கால் இரண்டையும் குட்டையான வாரால் பிணைத்து, கழுத்தில் மணி கட்டி விடுவார்கள். காலையில் மணிச்சத்தத்தை வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும். பிணைத்த காலோடேயே அது பல மைல் போயிருக்கும். பிடித்து வந்து மண்டியிட வைத்து, மூக்குக்கட்டையில் கயிறு மாட்டி, இரண்டு பக்கமும் எடை சமமாகத் தண்ணீர்ப் பீப்பாயும் மாவு மூட்டையும் ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் முதுகு புண்ணாகும். முதுகு புண்ணானால் பயணம் முடிந்தது. சாப்பாடு என்று பார்த்தால், மாவைப் பிசைந்து தணல் சாம்பலில் புதைத்துச் சுடும் தடித்த ரொட்டி, உப்புக்கண்டம், தகர டப்பாவில் கொதிக்கும் தேநீர். வாரக்கணக்கில் இதுவேதான்.

தங்கம் பார்ப்பதும் இதே சாமான்களோடுதான். வெள்ளைப் படிகக்கல்லில் துருப்பிடித்தது போன்ற பழுப்புக் கறை தெரிந்தால் சுத்தியலால் ஒரு துண்டு உடைக்க வேண்டும். இரும்பு உரலில் போட்டு மாவாக இடித்துத் தட்டில் கொட்டி, தண்ணீர்விட்டுச் சுழற்றிச் சுழற்றி அலச வேண்டும். லேசான மண் வழிந்து போகும், கனமான தங்கம் அடியில் ஒரு மஞ்சள் கோடாக நிற்கும். குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் அலசுவது எப்படி? ஒரு தட்டை உயர்த்திப் பிடித்து, கீழே இன்னொரு தட்டில் விழும்படி காற்றில் கொட்டுவார்கள், களத்தில் நெல் தூற்றுவதைப் போல. புழுதி முழுவதும் தூற்றுகிறவர் கண்ணிலும் மூக்கிலும்தான் போகும். மேற்கு ஆஸ்திரேலியத் தங்கவயல்களில் ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை இது.

லாசட்டர் அடையாளம் தேடினார். தொப்பி போட்ட மூன்று பெண்கள் பேசிக்கொண்டிருப்பதைப் போன்ற மூன்று குன்றுகள் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவந்தார். அந்த நாட்டில் மூன்று மூன்றாகக் குன்றுகள் நிறையவே இருக்கின்றன.

நாள் போகப் போக அவர் போக்கு ஜான்ஸுக்குப் பிடிபடவில்லை. பேச்சு குறைந்தது. தனியாகக் கிளம்பிப் போவார், தனியாகத் திரும்புவார். ஒருநாள் மாலை திரும்பி வந்தபோது கையில் கற்கள் இருந்தன. கண்டுபிடித்துவிட்டேன், அதே பாறைதான் என்றார். எங்கே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கல்லைக் காட்டு என்றதற்கும் மறுத்துவிட்டார்.

வாரக்கணக்காக அவரோடு ஒரே தீயைச் சுற்றிப் படுத்தவர், ஒரே பீப்பாயில் குடித்தவர் ஜான்ஸ். அவரிடமே காட்ட முடியாத கல் என்ன கல்? பொய்யன் என்றார் ஜான்ஸ். வாய்ச்சண்டை கைகலப்பானது. சுற்றிலும் நூறு மைலுக்கு விலக்கிவிட வேறொரு வெள்ளைக்காரன் இல்லாத இடத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள்.

அதன் பிறகு சேர்ந்து போக வழியில்லை. லாசட்டர் எழுதிய கடிதங்களை வாங்கிக்கொண்டு ஜான்ஸ் அலிஸ் ஸ்பிரிங்ஸுக்குத் திரும்பினார். இரண்டு ஒட்டகத்துடன் லாசட்டர் மேற்கே, பீட்டர்மன் மலைகளை நோக்கிப் போனார். இரண்டாவது முறையாகவும் திரும்பும் வழி திறந்திருந்தது. இரண்டாவது முறையாகவும் அவர் அதில் போகவில்லை.

இங்கிருந்து நமக்கு முக்கியச் சாட்சி அவருடைய குறிப்பேடுதான். பென்சிலால் கிறுக்கிய அந்தத் தாள்கள் இன்று சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில் இருக்கின்றன. அவை பாலையிலிருந்து அங்கே வந்து சேர்ந்ததே ஒரு கதை, பின்னால் வரும். கோடை ஏறிக்கொண்டிருந்தது. வெயில் 40 பாகையைத் தாண்டும் மாதங்கள். அந்த வெயிலில் நடப்பவனுக்கு ஒரு நாளைக்கு எட்டு, பத்து லிட்டராவது தண்ணீர் வேண்டும்.

ஒட்டகங்கள் மிரண்டன. இரண்டுமே ஓடிவிட்டன. அவரால் அவற்றைப் பிடிக்க முடியவில்லை. அவருடைய உணவும் தண்ணீரும் அவற்றோடு போயின.

சிட்னியில் கம்பெனிக்காரர்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. லாசட்டரைத் தேட ‘கோல்டன் குவெஸ்ட் 2’ என்ற விமானத்தை அனுப்பியிருந்தார்கள். பிட்டென்ட்ரி, ஹேம்ரி என்ற இருவர் டிசம்பர் பிற்பகுதியில் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து தென்மேற்கே பறந்தார்கள். போன விமானம் திரும்பவில்லை. தேடப் போனவர்களைத் தேட விமானப்படையைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஹல் ஆற்றின் காய்ந்த மணல் ஓரத்தில் ஒரு குகைக்குள் ஒதுங்கியிருந்த லாசட்டருக்கு இது எதுவும் தெரியாது.

அந்த நிலம் ஆளில்லாத நிலமும் அல்ல. அது பிட்ஜன்ஜாரா மக்களின் மண். எந்தப் பாறைக்குழியில் மழைநீர் தங்கும், எந்த மணலைத் தோண்டினால் ஈரம் ஊறும் என்பது அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரர்களின் ஒட்டகம் ஒன்று ஒரே மூச்சில் நூறு லிட்டர் குடித்து, ஒரு குடும்பத்துக்குப் பல நாள் வரும் குழியைக் காலி செய்துவிடும் என்பதும் தெரியும். வடக்கே கோனிஸ்டனில் டிங்கோ வேட்டைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்கக் குதிரையேறிப் போன போலீஸ் கோஷ்டி, அரசுக் கணக்கின்படியே 31 பழங்குடியினரைச் சுட்டுக் கொன்று இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

இப்போது அதே வெள்ளைத் தோலோடு ஒருவர், ஒட்டகமும் இல்லாமல், உணவும் இல்லாமல், அவர்களுடைய தண்ணீருக்குப் பக்கத்தில் கிடக்கிறார். அவர்கள் அவரை என்ன செய்தார்கள்?

(தொடரும்)