கோயில் மாலையும் கணக்கேடும்

பொருளீட்டும் தொழில் ஒரு குலத்தாருடைய ஒழுக்கத்தை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதும், அவர்தம் சமய மரபு அத்தொழிலை எவ்வாறு நெறிப்படுத்துகின்றது என்பதும் ஒருங்குவைத்து ஆராயற்பாலன. இவ்வாராய்ச்சிக்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் வரலாறு சாலவும் பொருந்திய எடுத்துக்காட்டாம்.

காவிரிப்பூம்பட்டினத்தினின்றும் பாண்டிநாடு புகுந்தவர் தாம் என்பது நகரத்தாருடைய மரபுரை. பாண்டிநாட்டில் அவர் இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்னும் 9 சிவாலயங்களைத் தமக்குரிய நகரக் கோயில்களாகக் கொண்டனர். நகரத்தார் ஒவ்வொருவரும் இவற்றுள் ஒன்றற்கு உரியவராவர். ஒரு கோயிலின் ஒரே பிரிவினர் தம்முள் உடன்பிறந்தார் எனவே கருதப்படுவர். ஆதலின் அவருள் மணவுறவு நிகழாது. திருமணத்தின்போது மணமக்களுக்கு உரிய கோயில்களினின்று மாலை வருதல் வேண்டும். அம்மாலை வாராத மணத்தை நகரம் மணமாக ஏற்பதில்லை. மணம் முடிந்த அன்றே அவ்விணையர் கணவனது கோயிலில் ஒரு 'புள்ளி' எனப் பதியப்பெறுவர். கோயிலுக்குரிய வரியும் அப்புள்ளிக் கணக்கின்படியே தண்டப்பெறும். இங்ஙனம் இறைவன் திருமுன்பே குடும்பம் தோன்றுமிடமும், குலத்தின் குடிக்கணக்கு எழுதப்படுமிடமும் ஆயிற்று.

இவ்வேற்பாடு வாணிகத்திற்கு ஆற்றிய துணை பெரிது. வட்டித்தொழிலுக்கு முதலாவது பணமன்று, நாணயமே. அயலூரில் ஒருவர் எழுதிய உண்டியலை மற்றோரூரில் மற்றொருவர் தடையின்றி ஏற்றுப் பணம் கொடுத்தற்கு அவ்விருவரையும் பிணித்த கயிறு யாது? சொற்பிறழ்ந்தவன் இழப்பது ஒரு கடன்காரனுடைய நட்பை மட்டுமன்று; கோயிலின்கண் தனக்குள்ள மதிப்பையும், தன் மக்களுக்குப் பெண் கொடுக்கவும் கொள்ளவும் உள்ள உரிமையையும் இழத்தல் கூடும். நீதிமன்றம் சென்று வழக்காடுதற்கு முன்னரே இவ்வச்சம் பலரை நேர்மையில் நிறுத்திற்று.

தொழிலும் தன் பங்கிற்கு மாந்தரைத் தன் வடிவில் வார்த்தது. இளஞ்சிறுவர் 'பெட்டியடிப் பையன்' ஆகக் கடை புகுந்து, பின் 'அடுத்தாள்' ஆகி, முடிவில் மேலாளாகக் கடை நடத்தும் பொறுப்பை எய்தினர். மேலாள் மூன்றாண்டுகள் கடல்கடந்த நாட்டிலிருந்து, காலம் முடிந்தபின் கணக்கை ஒப்புவித்து மீள்வது வழக்கம். மனைவி மக்கள் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே தங்கினர். வீட்டிலும் கணக்கேட்டின் நெறி புகுந்தது. மணமான மகனை அதே வீட்டில் தனியடுப்பு வைத்து, ஆண்டுக்கு இவ்வளவென உணவுப்பொருள் வரையறுத்துக் கொடுத்து, 'வேறுவைத்தல்' என்னும் வழக்கால் சிக்கனம் பயிற்றினர். மாளிகை பெரிதாயினும் அடுப்பு சிறிதாயிருந்தமைக்குக் காரணம் இதுவே.

கடல்கடந்து சென்றவிடத்தும் கோயில் உடன் சென்றது. சிங்கப்பூரில் தண்டாயுதபாணி கோயில் 1859-ஆம் ஆண்டில் எழுந்தது. இரங்கூனில் நகரத்தார் தம் கோயிலிற் கூடியே நடப்பு வட்டி விகிதத்தை உறுதிசெய்தனர். வாணிகத்தினின்று ஒரு சிறுபகுதியை 'மகமை' என ஒதுக்கி அறத்திற்கு ஆக்கினர். கோயில் நிதியும் வட்டிக்கு விடப்பெற்று வளர்ந்தது. இறைவனும் கணக்கேட்டில் ஒரு பேரேட்டுக்கு உரியனாயினன்! இதனால் பூசைகள் குறைவற நடந்தன என்பது உண்மை. திருப்பணியின் பெருமை செலவிட்ட தொகையால் அளக்கப்படும் மனப்பாங்கும் உடன் வளர்ந்தது என்பதும் உண்மையே.

இம்மரபின் வலிமையும் எல்லையும் ஒருங்கே வெளிப்பட்டது பர்மாவிலாகும். 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலர் வசமானபின், காடு திருத்தி நெல் விளைத்த உழவர்க்கு வேண்டிய முதலை உதவியவர் பெரும்பாலும் நகரத்தாரே. 1930-ஐ ஒட்டி அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 கடைகளும், 75 கோடி ரூபாய் முதலும் அவர்க்கிருந்தன எனக் கணக்கிடப்பெற்றது. அக்காலத்தே உலகெங்கும் வந்த பொருள்மந்தத்தால் நெல்விலை பெரிதும் வீழ்ந்தது. உழவர் கடனிறுக்க இயலாராயினர். ஈடுவைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. நெல் விளையும் 13 மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நகரத்தார் நிலம், 1938-இல் 25 பங்காயிற்று. அவர் வேண்டியது பணமேயன்றி நிலமன்று; ஆயினும் நிலமிழந்த உழவன் கண்ணுக்கு அவ்வேறுபாடு தோன்றுமோ?

கணக்கில் பிழையில்லை, பத்திரத்திலும் பிழையில்லை. குறை வேறிடத்தது. தம்முள் ஒருவர் நொடித்தவழிப் பஞ்சாயத்துக் கூட்டித் தவணை நீட்டி வழக்குத் தீர்த்த உடன்பிறப்புணர்ச்சி, கோயில் மாலை சென்ற எல்லையளவே சென்றது. வயலில் நின்ற பர்மிய உழவன் அவ்வெல்லைக்குப் புறத்தே நின்றான். 1942-இல் சப்பானியர் படையெடுப்பின்போது பல்லாயிரவர் தொழிலையும் உடைமையையும் விட்டு மீண்டனர். பர்மா விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டமும் அங்கே பிறந்தது.

பேரேடுகள் செல்லாவாயின பின் எஞ்சியவை யாவை? பாடல்பெற்ற தலங்களிற் செய்த திருப்பணிகள் எஞ்சின. காசியில் அடியார்க்கு இடந்தந்த நகரச் சத்திரம் எஞ்சிற்று. 1909-இல் மேலைச்சிவபுரியில் தோன்றி, பண்டிதமணி கதிரேசச் செட்டியார் போன்றாரது புலமையால் விளங்கிய சன்மார்க்க சபை எஞ்சிற்று. 1929-இல் தில்லையின்கண் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எஞ்சிற்று. ஈட்டியவற்றுள் தமக்கென வைத்தவை காலவெள்ளத்திற் போயின. பிறர்க்கென விடுத்தவை நின்றன.

அறுபத்துமூவருள் அமர்நீதியார் வணிகர். அடியார் கோவணத்திற்கு ஒப்பாகத் தம் செல்வமெல்லாம் இட்டும் துலை நேர் நில்லாமை கண்டு, மனைவியோடும் மகனோடும் தாமே அத்தட்டில் ஏறினார் என்பது பெரியபுராண வரலாறு. துலைக்கோல் வணிகனுடைய கருவி. பொருளை நிறுத்தற்கு அமைந்த அதுவே அன்று அவனை நிறுத்தது. கோயிலும் அத்தகையதே. குலத்தாருள் நாணயம் காத்தது அதன் முதற்பயன். குலத்திற்குப் புறத்தே நிற்பானையும் சிவனுடைய உயிராகக் காணச்செய்தல் அதன் முடிந்த பயன். முதற்பயனை எய்திய நகரத்தார் வரலாறு முடிந்த பயனையும் நோக்குமாறு வணிகர் யாவரையும் அழைக்கின்றது.