பாட்டு நீங்கலாக

தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அச்சகத்து வாசலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதல் பத்திரிகை, முதல் நாவல், முதல் கட்டுரை. எழுத்தில் ஏறுவதற்கு முன் உரைநடை சாதாரண மனிதன் வாயில் எங்கே பழகிக்கொண்டது என்ற கேள்வி நம் விமர்சகர்களை அதிகம் தொந்தரவு செய்ததில்லை. பெர்னார்ட் பேட் ஒரு விதிவிலக்கு. அவர் மறைந்தபின் 2021இல் வெளிவந்த நூல், தமிழ் மேடைப்பேச்சின் வேரைப் புராட்டஸ்டண்ட் பிரசங்கத்தில் தேடுகிறது. ஆனால் அது பிரசங்க பீடத்தில் நின்றவனின் கதை. கீழே உட்கார்ந்திருந்தவன் எப்போது வாய் திறந்தான் என்பது என் கேள்வி.

1881 பிப்ரவரி 2ஆம் தேதி, அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில், பிரான்சிஸ் கிளார்க் என்ற பாதிரியார் தம் சபையின் இளைஞர்களை வீட்டுக்கு அழைத்து ஒரு சங்கம் ஆரம்பித்தார். தமிழில் கிறிஸ்தவ முயற்சிச் சங்கம். பேச்சு வழக்கில் எண்டவர் சங்கம். இளைஞர் சங்கம் அன்று புதுமையல்ல, லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. 1844இலேயே பிறந்துவிட்டது. கிளார்க்கின் புதுமை ஒரு விதி. அங்கத்தினன் ஒவ்வொரு கூட்டத்திலும் ஏதாவது ஒரு பங்கு எடுத்தாக வேண்டும். பாட்டில் சேர்ந்துகொள்வது அந்தக் கணக்கில் வராது. மாதம் ஒருமுறை பிரதிஷ்டைக் கூட்டம். அன்று பெயர் கூப்பிடுவார்கள். பதில் சொல்ல வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி.

பாட்டை ஏன் ஒதுக்க வேண்டும்? பாட்டு இன்னொருவன் செய்து கொடுத்த சொல். அதில் கூட்டத்தோடு ஒளிந்துகொள்ளலாம். இந்த நிபந்தனை போர்ட்லண்டில் இருந்ததைவிட நம்மிடம் கனமானது. பொது இடத்தில் தமிழன் வாய் திறந்ததெல்லாம் பெரும்பாலும் செய்யுளில்: பதிகம், கீர்த்தனை, கும்மி, ஒப்பாரி. எழுந்து நின்று, ‘நான்’ என்று ஆரம்பித்து, சந்தத்தின் துணையில்லாமல் நாலு வாக்கியம் பேசுவது வேறு காரியம்.

கிளார்க்கின் சபை காங்கிரிகேஷனல் சபை. திண்டுக்கல்லில் 1835இல் நிலையம் அமைத்த அமெரிக்க மதுரை மிஷனுக்கும் பெருமளவு ஆதரவு அதே சபைகளிடமிருந்துதான். ஆகவே 1890களில் இந்தச் சங்கம் மதுரை மிஷன் சபைகளுக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. 1909இல் ஆக்ராவில் உலக மாநாடே கூடியது. ஆனால் ஆக்ராவைவிட நம் பக்கத்துச் சமவெளியே எனக்கு முக்கியம். 1875இல் ரயில் வந்த பூமி. 1876-78 பஞ்சம் சூறையாடிய பூமி. 1847இலேயே இந்த மிஷன், ஜாதியை விட்டுச் சமபந்தியில் உட்கார மறுத்த ஊழியர்களை விலக்கியிருந்தது. கிராமத்துச் சபைகளில் நிறையப் பேர், மேல்ஜாதிக்காரர் முன் வாய் பொத்தி நிற்கப் பழக்கப்பட்டவர்கள். அவர்களின் பிள்ளைகளிடம் இந்த விதி, நீ பேசாவிட்டால் அங்கத்தினன் அல்ல என்று சொல்கிறது. ‘சாட்சி சொல்லுதல்’ என்ற கோர்ட்டுத் தமிழ், தன் அனுபவத்தைத் தானே சொல்வது என்ற அர்த்தத்தை ஏற்கிறது. இதை விடுதலை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் பேரேடு பார்த்துப் பிழைக்கிற எனக்கு மறுபக்கமும் தெரிகிறது. கட்டாயமாகப் பேசச் சொன்னால் மனிதன் மனப்பாடத்தில் புகலிடம் தேடுவான். பைபிள் வசனம் ஒன்றை ஒப்பித்தாலும் விதி நிறைவேறிவிடும். இன்னொருவன் சொல் வேண்டாம் என்று பாட்டை வாசலில் நிறுத்தினார்கள். அதே இன்னொருவன் சொல் வசனமாகக் கொல்லைப்புறம் வழியே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மிஷன் அறிக்கைகளில் சங்கங்களின் தொகை உண்டு, அங்கத்தினர் தொகை உண்டு, காணிக்கை ரூபாய் அணாவாக உண்டு. எழுந்து நின்றவள் என்ன சொன்னாள் என்பதற்குப் பத்தி இல்லை.

இதே வருஷங்களில், மிஷனின் இன்னொரு நிலையம் இருந்த வத்தலக்குண்டில் பிறந்த ஓர் இளைஞன், சங்கத்தில் சேரும் வயதில் இருந்தவன், வேறு வழியில் போனான். 1872இல் பிறந்த ராஜம் ஐயர் இருபத்தொரு வயதில், 1893இல், விவேக சிந்தாமணியில் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடங்கினார். ஊர்ப் பெண்களின் வம்புக்கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘வம்பர் மகாசபை’. சென்னை மகாஜன சபை 1884இல் தோன்றிய காலத்தில் அது யாரைக் குத்தியது என்று சொல்ல வேண்டியதில்லை. விதி, பதிவேடு, தீர்மானம் எதுவும் இல்லாத அந்தச் சபையில்தான் தமிழ் நாவலின் பேச்சு உயிரோடு கிடைத்தது. எண்டவர் சங்கம் பெண்ணுக்கு நிற்க இடம் கொடுத்தது, சொல்லைப் பதிவு செய்யவில்லை. ராஜம் ஐயர் சொல்லைப் பதிவு செய்தார், அவளை நிற்க வைத்துச் சிரித்தார். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்பதுதான் இந்தச் சமவெளியின் இலக்கிய நஷ்டம்.

வத்தலக்குண்டுக்காரரான சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ ஆரம்பித்து, ரசனையைச் சொந்த வார்த்தையில் சொல் என்று கேட்டதும் ஏறக்குறைய கிளார்க்கின் விதிதான். பாட்டு நீங்கலாக. அதன் பின் நாம் ‘பிரக்ஞை’, ‘பரிமாணம்’, ‘தரிசனம்’ என்று எத்தனை வசனங்களை ஒப்பித்துப் பெயரைப் பதிவேட்டில் காப்பாற்றிக்கொண்டோம் என்பதை யாராவது கணக்கெடுக்கலாம். சங்கம் சிறியது என்பது குறையில்லை. பெயர் கூப்பிடும்போது எழுந்திருப்பவனிடம் தன் வாக்கியம் ஒன்றாவது இருக்க வேண்டும்.