விடுதலைப் பத்திரம்

நமது பதிவு அலுவலகங்களில் எழுதப்படும் ஆவணங்களுள் ஒன்றிற்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். பொதுச்சொத்தில் தமக்குள்ள பாகத்தை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் ஆவணம் அது. உடன்பங்காளர் எவரும் எழுதலாம். ஆயினும், தந்தை இறந்தபின் அதில் கையொப்பமிடுபவள் பெரும்பாலும் மகளே. அடிமை வீட்டினின்று வெளியேறிய மக்களின் வரலாற்றை 'விடுதலைப் பயணம்' என்று வாசிக்கும் நமக்கு, பெண் தன் நிலத்தினின்று வெளியேறுவதற்கும் அதே சொல் வழங்குவது சற்றே உறுத்தவேண்டும். சட்டத்தமிழில் அதற்குப் 'பாத்தியத்தினின்று விடுவித்தல்' என்பதே பொருள். பத்திர எழுத்தர் மீது குறையில்லை.

பெண்களின் சொத்துரிமை பற்றிப் பேசுவோர் வழக்கமாக மூன்று ஆண்டுகளைக் குறிப்பிடுவர்: இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளையும் பங்காளியாக்கித் தமிழ்நாடு சட்டம் திருத்திய 1989, அதனை நாடு முழுமைக்கும் விரித்த 2005. கிறிஸ்தவர்களாகிய நம் கதை இவற்றுக்கெல்லாம் முற்பட்டது. கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. பிரிட்டிஷ் அரசு 1865-இல் இயற்றிய இந்திய வாரிசுரிமைச் சட்டம் இங்கிருந்த கிறிஸ்தவர்களுக்கும் உரியதாயிற்று. 1925-இல் அது விரிவாக்கப்பட்டு இன்றளவும் நடைமுறையில் உள்ளது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடே அதில் இல்லை. நம் பாட்டியின் பாட்டிக்கே எழுத்தில் கிடைத்துவிட்ட உரிமை இது!

எழுத்தில் கிடைத்தது கைக்கு வந்ததா? ஆங்கிலச் சட்டத்தின் வார்ப்பில் மேலிருந்து இறங்கிய உரிமை அது. எவரும் போராடிப் பெற்றதன்று. அதனாலேயே அறியப்படாமல் போயிற்று என்று எண்ணுகிறேன். திருவிதாங்கூரில் கதை வேறு. 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்குள்ள கிறிஸ்தவ மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று, அல்லது ஐந்தாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே கிடைத்தது. மேரி ராய் என்னும் பெண்மணி உச்சநீதிமன்றம் வரை சென்று 1986-இல் தீர்ப்புப் பெற்றார். சபைகளுக்குள்ளேயே அதற்கு எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு எழுந்ததால் ஊரறிய விவாதமும் நடந்தது. நம் பகுதியிலோ விவாதமே இல்லை. "அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்ற ஒரு வாக்கியத்தில் கணக்கு முடிந்துவிடும். அந்த நகை யார் கடனுக்கு அடகு போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. பங்கு கேட்டால் அண்ணன் வீட்டு வாசல் அடைபடும். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி கிடைக்காது. இந்த அச்சத்தில் போடப்படும் கையெழுத்தை மனமுவந்த கொடை என்று எப்படிச் சொல்வது? பெண்களின் சமத்துவத்தை முன்வைத்து இந்திய ஆயர் பேரவை 2010-இல் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. நம் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அந்த அறிக்கை சிற்றூர் வரை வரும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைமீது ஏறினால் நிலைமை தலைகீழாகிறது. சமவெளியில் சட்டம் உண்டு, வழக்கம் தடுக்கிறது; மலையிலோ சட்டமே பெண்ணைத் தாண்டிச் சென்றுவிட்டது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது) காஞ்சிபுரத்திலிருந்து மலையேறிய அண்ணன் தம்பியர் மூவரின் வழிவந்தோர் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இக்கதை இடம்பெறுகிறது. மூவரும் வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தனராம். ஆண்களுக்குப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்றாவது பெயர் இருக்கிறது. பெண்களுக்குச் சாதி மட்டுமே!

ஆயினும் மணவாழ்வில் மலைப்பெண் பலவற்றில் சமவெளிப் பெண்ணைவிட உயர்ந்தே நின்றாள். வரதட்சணைக்கு மாறாக, மாப்பிள்ளை வீட்டார் பரிசம் தந்து பெண் கொண்டனர். கைம்பெண் மறுமணத்துக்குத் தடையில்லை. நிலம்தான் அவளுக்கில்லை. உண்மையில் ஆணுக்கும் அது நெடுங்காலம் உறுதியாக இல்லை. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையிலிருந்த இம்மலை, நாடு விடுதலையடைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி அச்சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. பழங்குடி வழக்காறுகளைக் காப்பதே அதன் நல்லெண்ணம். அதன் விளைவாக 1956, 1989, 2005 ஆகிய மூன்றும் மலைப்பெண்ணின் வாசலில் நில்லாமல் கடந்துபோயின. பட்டியலினப் பழங்குடிப் பெண்களின் இந்நிலையை ஆராயுமாறு 2022-இல் உச்சநீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் வழக்கில் பெண்களுக்குச் சமபங்கு உண்டெனத் தீர்த்தது. பெண்ணை விலக்கும் வழக்காறு மெய்ப்பிக்கப்படாத இடத்தில் அவளுக்கும் சமபங்கே என்று 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் கூறியது. ஆயினும் அதே ஆண்டு அக்டோபரில், இந்து வாரிசுரிமைச் சட்டம் நேரடியாகப் பழங்குடியினரைக் கட்டுப்படுத்தாது என்பதையும் அது உறுதிசெய்தது.

மகளுக்கு நிலம் தந்தால் அது இனத்தைவிட்டே போய்விடும் என்பது மலையில் சொல்லப்படும் மறுப்பு. பழைய மறுப்புத்தான். செலொபுகாதின் புதல்வியர் மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா ஐவரும் மோசேயின் முன் நின்று தந்தையின் உரிமைச்சொத்தைக் கேட்டுப் பெற்றதை எண்ணிக்கை நூல் 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. 36-ஆம் அதிகாரத்தில் அவர்களுடைய குலத்தலைவர்கள் வந்து, இவர்கள் வேற்றுக் குலத்தில் மணந்தால் நம் நிலம் என்னாகும் என்று முறையிடுகின்றனர். தந்தையின் குலத்திலேயே மணக்கவேண்டும் என்ற கட்டுப்பாடு பெண்கள்மீது விழுகிறது. மறையுரைகளில் நாம் முதல் அதிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்! குலத்தலைவர்களின் அச்சம் பொய்யானதன்று. ஆனால் ஈட்டுக்கும் வட்டிக்கும் கைமாறும் நிலத்தைக் குறித்து எழாத அச்சம், மகளின் பங்கைக் குறித்து மட்டும் ஏன் எழவேண்டும்?

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இவ்வகையில் கூர்ந்து நோக்கத்தக்கது. அதன்படி மணமானவரின் உரிமை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியப்படவேண்டும். நீதிமன்றத் தடைகளால் தமிழ்நாட்டில் இது பல ஆண்டுகள் தாமதமாயிற்று. இவ்வுரிமை வழிவழியாகச் செல்லும். ஆனால் விற்கவோ பிறருக்கு மாற்றவோ இயலாது. மகள் யாரை மணந்தாலும் நிலத்தை வெளியாருக்கு விற்க வழியில்லை. அவ்விருவருக்குப்பின் அந்த உரிமை மகனுக்கு மட்டுமா, மகளுக்குமா என்ற கேள்வி இனித்தான் மலையூர்களில் எழவிருக்கிறது.