கலேடியம்

சேம்பு, சேனை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததும், தென் அமெரிக்காவின் வெப்பவனங்களைப் பூர்விகமாக உடையதுமான கிழங்குச் செடி. தாவர சாஸ்திரப் பெயர் கலேடியம் பைகலர். பச்சை விளிம்புக்குள் வெண்மையும் செம்மையும் படர்ந்து, அம்பின் தலைபோல் ஓரடி வரை விரியும் இலைகளின் சௌந்தரியத்துக்காகவே இது வளர்க்கப்படுகிறது.

ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளில் தோன்றி மேல்நாட்டு நிழல் தோட்டங்களில் சிறப்பிடம் பெற்ற ஹோஸ்டா, குளிர்காலத்தில் பல வாரங்கள் உறங்கினாலன்றிச் செழிப்பதில்லையாதலால், மார்கழியிலும் கடுங்குளிர் காணாத தாமிரபரணிச் சமவெளியில் அதற்குரிய ஸ்தானத்தை ஏற்கத் தக்கது கலேடியமே. இதற்கும் ஓய்வுக்காலம் உண்டு. ஆனால் அதற்குக் குளிர் வேண்டுவதில்லை, வறட்சி போதும்.

இலையின் வெள்ளைப் பகுதியில் பச்சையம் மிகக் குறைவாதலின், வெண்மை மிகுந்த வகைகள் மெல்ல வளர்வதுடன் திருநெல்வேலியின் நடுப்பகல் வெயிலில் கருகியும் விடும். இருள் மிகுந்தாலோ தண்டு நீண்டு வர்ணம் மங்கும். ஆகவே, இளங்காலை வெயில் சிறிது படிந்து, பின்னர் மாவோ தென்னையோ நிழல் தரும் புறவாசலே உத்தமமான இடம். ஆற்றங்கரை ஊர்களின் வண்டல் மண் வளமானதாயினும் நீரைத் தேக்கிக் கிழங்கை அழுகச் செய்யுமாதலால், மணலும் மட்கிய சாணமும் கலந்து பாத்தியை உயர்த்திக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உயர்ந்த பாத்தியின் அருமை விளங்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே பாய்ந்துவரும் மேல்காற்று இலைகளைக் கிழித்துவிடும். மேற்கே ஒரு சுவர் இருப்பது பெரும் பாக்கியம்.

மழை ஓய்ந்தபின், தை, மாசியில் இலைகள் பழுத்துச் சாயும்போது, செடி மாண்டதென்று கருதிக் கிழங்கைப் பலர் எறிந்துவிடுவது மிகவும் வருந்தத்தக்கது. அப்போது நீரைக் குறைத்து, கிழங்கைத் தோண்டி உலர்த்தி, காய்ந்த மணலில் நிழலில் வைத்திருந்து, சித்திரையில் கோடைமழை கண்டதும் இரண்டு அங்குல ஆழத்தில் நட்டால் மீண்டும் தளிர்க்கும். துண்டு ஒவ்வொன்றிலும் முளைக்கண் அமையக் கிழங்கை நறுக்கிச் சாம்பல் தொட்டு நட்டால், தாய்ச் செடியின் வர்ணமே கிடைக்கும்; விதையிலிருந்து வருபவை அவ்வாறு ஒத்திருப்பதில்லை.

சேப்பங்கிழங்கைப் போலன்றி, இது உணவுக்கு உதவாது. செடி முழுவதிலும் ஊசிவடிவான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், மென்றால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். குழந்தைகளும் கன்றுகாலிகளும் எட்டாத இடத்திலேயே இதை வளர்த்தல் வேண்டும்.