யாருடைய அன்றாடம்? இத்தாலிய உரையாடல் நூல்களும் அவற்றைக் கற்றோரும் (1424–1598)

முன்னுரை

வேற்றுமொழியின் அன்றாடச் சொற்களையும் தொடர்களையும் கற்பிக்கும் கையேடுகளை மொழி வரலாற்றாசிரியர்கள் இலக்கண நூல்களுக்கு இணையாக மதிப்பதில்லை. ஆயினும் செய்யுள் வழக்கிலும் புலவர் உரைநடையிலும் இடம்பெறாத உலக வழக்கை அறிவதற்கு இவை முதன்மையான சான்றுகளாகும். இத்தாலிய மொழி சார்ந்து 15, 16ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த இத்தகைய நூல்களில், ‘அன்றாடப் பேச்சு’ எது என்பதைக் கற்போரின் தொழிலும் சமூகத் தகுதியுமே தீர்மானித்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வெனிஸ்: வணிகரின் பேச்சு

வெனிஸ் நகருக்கு வந்த ஜெர்மானிய வணிகர், ரியால்ட்டோ பாலத்தருகே அமைந்த தங்கள் பண்டகசாலையிலேயே தங்கி, அரசின் கண்காணிப்பில் தரகர் வழியாக வணிகம் செய்ய வேண்டியிருந்தது. இச்சூழலில் இருமொழி அறிவு பொருளீட்டும் கருவியாயிற்று. நியூரம்பெர்க் நகரத்து கியோர்க் என்னும் ஆசிரியரோடு தொடர்புடைய 1424ஆம் ஆண்டுக் கையெழுத்து நூல், இத்தாலியருக்கு ஜெர்மன் கற்பிக்க எழுந்தது. துணி வாங்குவோரும் விற்போரும் விலை பேசும் உரையாடல்கள் அதில் உள்ளன. அதன் இத்தாலியப் பகுதி வெனிஸ் வட்டார வழக்கில் அமைந்திருப்பதால், அச்சந்தையின் பேச்சை அறியவும் அது உதவுகிறது.

1477இல் ரொட்வைல் நகரத்து ஆதாம், ‘நுழைவும் வாயிலும்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் இருமொழிச் சொற்றொகுதியை வெனிஸில் அச்சிட்டார். பொருள்வாரியாகச் சொற்களை வகுக்கும் இந்நூல், உலகெங்கும் சென்று தொழில் நடத்தும் ஜெர்மானியருக்கும் இத்தாலியருக்கும் மிகவும் பயன்படும் எனத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. இதன் வழிவந்த பதிப்புகள், பள்ளி செல்லாமலே கற்க விழையும் கைவினைஞரையும் பெண்களையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகின்றன. இலத்தீன் வழிக் கல்விக்கு வெளியே நின்றோர் இங்குக் கற்போராக ஏற்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

இலக்கிய நெறியின் எழுச்சி

1525இல் வெளிவந்த பியெத்ரோ பெம்போவின் மொழியாய்வு நூல், செய்யுளுக்குப் பெட்ரார்க்கையும் உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் முன்மாதிரிகளாக நிறுத்தியது. இருவரும் 14ஆம் நூற்றாண்டினர். எழுத்து மொழிக்கு இந்நெறி ஒருமையைத் தந்தது. ஆனால் விடுதியில் அறை கேட்பவருக்கும் கடையில் விலை பேசுபவருக்கும் அது வழிகாட்டவில்லை.

இலண்டன்: அவையோரின் பேச்சு

அந்த இடைவெளியை இங்கிலாந்தில் நிரப்பியவர்களுள் தலையாயவர் ஜான் ஃபுளோரியோ. இவருடைய தந்தை மிக்கேலாஞ்சலோ ஃபுளோரியோ, சீர்திருத்தச் சமயத்தைத் தழுவியமையால் இத்தாலியை விட்டு வெளியேறியவர். மகன் இலண்டனில் மொழி கற்பித்து வாழ்ந்தார். அவர் 1578இல் வெளியிட்ட ‘முதற் கனிகள்’ என்னும் நூல், 44 இயல்களில் இத்தாலியத்தையும் ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து உரையாடல்களை அமைக்கிறது.

1591இல் வந்த ‘இரண்டாம் கனிகள்’ 12 இயல்களை உடையது. துயிலெழுதல், ஆடை அணிதல், பந்தாட்டம், விருந்து, பயணம் முதலியன அதன் களங்கள். பணியாளரை ஏவும் தலைவனே அங்கு மிகுதியும் பேசுகிறான். ஏறத்தாழ 6,000 இத்தாலியப் பழமொழிகளின் தொகுப்பும் அதனுடன் வெளியிடப்பட்டது. வெனிஸ் நூலில் பேச்சின் பயன் பேரத்தை முடிப்பது. இலண்டன் நூலிலோ நாகரிகம் உடையவராகத் தோன்றுவதும் அதன் பயனாயிற்று. 1598இல் ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதி 40,000க்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்து, புளோரன்ஸ் வழக்கோடு பிற வட்டாரச் சொற்களுக்கும் இடமளித்தது.

முடிவுரை

இந்நூல்களின் உரையாடல்கள், நிகழ்ந்த பேச்சின் நேர்ப் பதிவுகள் ஆகா. கற்பித்தலுக்காக ஆசிரியர் புனைந்தவை. எனவே அவற்றை அப்படியே மக்கள் வழக்காகக் கொள்வது பிழையாகும். வணிகரின் அன்றாடமும் அவையோரின் அன்றாடமும் வெவ்வேறு சொற்களைத் தேர்ந்தன. பணியாளரின் குரல் பெரும்பாலும் ஏவலுக்குரிய மறுமொழியாகவே ஒலித்தது. ஆகவே பேச்சு மொழியின் வரலாற்றை எழுதுவோர், ஒரு கையேட்டில் உள்ள சொற்களை எண்ணுவதற்கு முன்னர், அது யாருக்காக எழுதப்பட்டது என்பதைத் தெளிதல் வேண்டும்.